இரண்டாவது ஞாயிறு, மாலை ஐந்து மணி

1996

ஜனவரி 22, திங்கள்

அலுவலகத்தில் இன்று ஒரு ஃபைல்கூட நகரவில்லை. தோள்பட்டை இரண்டும் விண்விண்ணென்று வலி. நேற்றைய கூட்டத்தின் பலன்.

தி. நகரில் ஒரு சபா மண்டபம். 'ஊனமுற்றோரும் சமுதாயமும்' என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தோம். நானும் ஷாஹுல் ஹமீதும் மூன்று மாதம் அலைந்து ஏற்பாடு செய்தது. ஷாஹுலுக்குக் கண் தெரியாது. ஒரு கம்பெனியில் டெலிபோன் போர்டு பார்க்கிறார். திருவல்லிக்கேணி மேன்ஷனில் தனியாக வாசம். மைக், பந்தல், போண்டா எல்லாவற்றையும் பேசி முடித்தோம். மண்டபம் மாடியில் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. இருபத்திரண்டு படி. நான் கேட்டிருக்க வேண்டாமா? மூன்று வயதில் போலியோ வந்து, இரண்டு காலிலும் இரும்புக் காலிபர், இரண்டு கையிலும் ஊன்றுகட்டை என்று முப்பத்து மூன்று வருஷமாக நடக்கிறவள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதானே?

சக்கர நாற்காலியில் வந்த நாலு பேரை ஆள் வைத்துத் தூக்கினார்கள். ஐந்தாமவர், "மூட்டை மாதிரி ஏறமாட்டேன், நான் இங்கேயே இருக்கேன்" என்று கீழே செருப்புகளுக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டார். கடைசிவரைக்கும். கூட்டம் அவரைப் பற்றியது.

சிறப்பு விருந்தினர் ஐம்பது நிமிஷம் பேசினார். 'கடவுளின் செல்லக் குழந்தைகள்' என்று ஏழு தடவை சொன்னாராம். ஷாஹுல் எண்ணியிருக்கிறார். பிறகு பொன்னாடை, நன்றியுரை. எங்கள் ஆட்கள் வாய் திறந்தது போண்டாவுக்கு மட்டும்.

ஜனவரி 24, புதன்

"மேடம், நாம கூட்டம் போட்டோமா, கண்காட்சி போட்டோமா?" என்று ஷாஹுல் போனில் கேட்டார்.

பிப்ரவரி 4, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். மேடை கிடையாது. விருந்தினர் கிடையாது. பொன்னாடை கிடையாது. வட்டமாக நாற்காலி போட்டு உட்கார வேண்டியது. அக்கம்பக்கத்துக்காரர்களும் வரட்டும், எங்கள் ஆட்களும் வரட்டும். ஒருத்தர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். யாரும் யாருக்காகவும் பதில் சொல்லக் கூடாது, பெற்ற தாயானாலும். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, மாலை ஐந்து மணி.

இடம்? மந்தைவெளியில் எங்கள் ஃப்ளாட்டின் கீழேயே கார் நிறுத்துகிற இடம் இருக்கிறது. படியே இல்லாத ஒரே இடம் அதுதான். (நாங்கள் குடியிருப்பது முதல் மாடி. பத்தொன்பது படி, லிஃப்ட் கிடையாது. அது வேறு கதை.) அண்ணாதான் அசோசியேஷன் செக்ரட்டரி. கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நடத்திக்கோ. யாருக்கும் இடைஞ்சல் இல்லாம பாத்துக்கோ" என்றான்.

செக்ரட்டரி அனந்தராமன் சரி சொன்னால் அதற்கு மேல் அப்பீல் இல்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

இருபத்தைந்து நாற்காலி போட்டேன். வந்தது ஏழு பேர். அதில் இரண்டு பேர் மாடிப்படி ஏறப் போனவர்கள், மரியாதைக்காக உட்கார்ந்தவர்கள்.

மூன்றாவது மாடி மாமி ஷாஹுலைப் பார்த்து, "பாவம், போன ஜென்மத்துல என்ன பண்ணினியோ" என்று ஆரம்பித்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஷாஹுல் அசரவில்லை.

"எங்க மதத்துல போன ஜென்மமே கிடையாதே மாமி. அப்ப எனக்கு எப்படி வந்துச்சு?"

மாமி ஒரு நிமிஷம் நிஜமாகவே யோசித்தாள். பிறகு கேஸ் அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வரவில்லை.

காலி நாற்காலிகளை வாட்ச்மேன் வெள்ளைத்துரை ஒவ்வொன்றாக மடக்கி வைத்தார்.

மார்ச் 10, ஞாயிறு

ஒன்பது பேர். கணக்கில் முன்னேற்றம்தான், சந்தோஷப்படு ஜானு.

ஆனால் இன்று ஒரு தாயும் மகளும் வந்தார்கள். வேலம்மா, சைதாப்பேட்டை ஆற்றோரத்துக் குடிசை, மார்க்கெட்டில் காய் விற்கிறாள். மகள் கயல், பதினைந்து வயது. கால் நிற்காது, கை நடுங்கும், பேச்சு ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்து வரும். அந்த வயதுப் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு வேலம்மா வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிச் சுவரில் நான் ஒட்டிய நோட்டீஸைக் கயல்தான் படித்தாளாம். பள்ளிக்கூடத்துக்கே போகாத பெண்! "மத்த பிள்ளைங்க பயப்படும்" என்று சேர்க்க மறுத்துவிட்டார்கள். மளிகை கட்டி வருகிற பேப்பரிலும் பஸ் போர்டுகளிலும் தானே எழுத்துக் கூட்டிக் கற்றிருக்கிறாள்.

கயலிடம் பேர் கேட்டேன். வேலம்மா சொல்ல வந்தாள். கையமர்த்தினேன். எல்லோரும் காத்திருந்தோம். தெருவில் ஆட்டோ போகிற சத்தம், மேலே யாரோ குக்கர் வைத்த சத்தம். "க... யல்" என்று வந்து சேர்ந்தபோது அவளே சிரித்துவிட்டாள்.

கிளம்பும்போது வேலம்மா என்னிடம் கேட்டாள்: "அல்லாம் நல்லாத்தான் பேசிக்கினு கீறீங்க. பேசினா பஸ்சு நிக்குமா? வரச்சொல்ல மூணு பஸ்சு எங்களப் பாத்துட்டு நிக்காம பூட்ச்சி."

பதில் தெரியாத கேள்விகளாகச் சேர்த்து வைக்கிறேன்.

மார்ச் 12, செவ்வாய்

இந்த வருஷம் எங்களுக்கென்று ஒரு சட்டம் வந்துவிட்டது என்று அலுவலகத்தில் எல்லோரும் எனக்குக் கைகொடுத்தார்கள். லேடீஸ் பாத்ரூம் இன்னும் மூன்று படி ஏறித்தான்.

ஏப்ரல் 14, ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

பதினான்கு பேர். பஸ்ஸைப் பற்றிப் பேச்சு. கயல் சொல்லிக்கொண்டிருந்தாள் - ஸ்டாப்பில் அம்மாவும் அவளும் நின்றால் கண்டக்டர் பார்ப்பார், பார்த்த பிறகு விசில் கொடுப்பார், பஸ் போய்விடும் என்று. இதைச் சொல்ல அவளுக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. யாரும் குறுக்கே பேசவில்லை. அதுவே எங்களுக்கு ஒரு சாதனை.

கேட்டுக்கு அருகில் ஸ்டூலில் இருந்த வெள்ளைத்துரை எழுந்து வந்தார். வட்டத்துக்கு வெளியேயே நின்றார்.

"நான் இருவத்தெட்டு வருசம் கண்டக்டர்மா. ரிடையர் ஆயிட்டுத்தான் இங்க வந்தேன். அந்தப் பொண்ணு சொல்றது நெசம். நானே அடிச்சிருக்கேன் டபுள் விசிலு. நொண்டிங்க ஏறி எறங்க நேரமாவும், டயம் கீப்பரு திட்டுவான். அதான். பாவ புண்ணியம்லாம் பாக்கல. நேரந்தான்." கொஞ்சம் நிறுத்தி, "அந்த வார்த்தைய மன்னிச்சிக்கோங்க" என்றார்.

கயல்தான் கேட்டாள்: "எத்... தன... பேரு?"

"எண்ணலியேம்மா."

ஷாஹுல் பக்கத்து நாற்காலியைத் தட்டி, "உக்காருங்க அண்ணே" என்றார். உட்கார்ந்தார்.

சிறப்பு விருந்தினர் ஐம்பது நிமிஷத்தில் சொல்லாததை ஒருத்தர் ஒரு நிமிஷத்தில் சொன்னார். ஜனவரிக்குப் பிறகு இன்றுதான் மாடிப்படி ஏறும்போது கை வலி தெரியவில்லை.

மே 12, ஞாயிறு

சந்தோஷம் ஒரு மாதம் தாங்கியது.

இரண்டாவது மாடி ராமானுஜம் மாமா வழியில் நிறுத்தினார். "தப்பா எடுத்துக்காதேம்மா ஜானு. உன்னைச் சொல்லலை. நீ எங்காத்துப் பொண்ணு மாதிரி. ஆனா சைதாப்பேட்டைலேர்ந்தெல்லாம் வராளே... ஃப்ளாட் வாங்க யாராவது பாக்க வந்தா என்ன நெனைப்பா? ஒரு மாதிரி இருக்கோன்னோ?"

என்னைச் சொல்லவில்லையாம். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் கோடு போட்டு என்னை இந்தப் பக்கம் நிறுத்தி வைக்கிறார். உபகாரம்.

அண்ணாவிடம் சொன்னேன். "அவர் சொல்றதுலயும் ஒரு பாயிண்ட் இருக்கு" என்றான்.

ஜூன் 2, ஞாயிறு

ஸஹானாவுக்கு வரன். அண்ணாவின் ஒரே பெண். எம்.காம். முடித்துவிட்டு ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறாள். பையன் பேர் கிரீஷ், அடையாறு, கம்ப்யூட்டர் கம்பெனி. அடுத்த ஞாயிறு நாலு மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள்.

அண்ணா என் அறைக்கு வந்து ஜன்னல் பக்கம் நின்றான். "உன் கூட்டத்தை இந்த மாசம் மட்டும் விட்டுடேன். அவா கார் வரும், நிறுத்த எடம் வேணும்."

சரி என்றேன். நியாயம்தானே.

அவன் போகவில்லை. மன்னி சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்... நீயும் ஒரு ரெண்டு மணி நேரம் யாராத்துக்காவது போயிட்டு வந்தா தேவலை. மொதல் தடவை வரச்சே அனாவசியமா கேள்வி வரும். நிச்சயம் ஆனப்பறம் மெதுவா சொல்லிக்கலாம். உனக்கே புரியும்."

சரி என்றேன்.

ஏன் சொன்னேன்? அவன் கேட்டதற்குக் கோபம் வரவில்லை. யோசிக்க நான் ரெண்டு விநாடிகூட எடுத்துக்கலையே, அதுக்குத்தான். கேக்கப் போறான்னு எனக்குத் தெரிஞ்சிருந்தது. சரிங்கிறது வாயிலேயே ரெடியா இருந்தது.

ஜூன் 9, ஞாயிறு

நாகேஸ்வர ராவ் பூங்கா. மூன்று மணியிலிருந்து ஆறரை வரை. வேறு யார் வீட்டுக்கும் போக மனசு வரவில்லை, போனால் காரணம் சொல்ல வேண்டும். வண்டியை - பக்கச் சக்கரம் வைத்த என் கைனடிக் - வெளியே நிறுத்திவிட்டு, நுழைந்ததும் இருந்த முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

சுண்டல்காரர் இரண்டு தடவை என்னைத் தாண்டிப் போய்விட்டு, மூன்றாவது தடவை, "யாருக்காவது வெய்ட் பண்றீங்களாம்மா?" என்றார்.

"கூட்டம் இருக்கு. அஞ்சு மணிக்கு" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது மன்னி முகமெல்லாம் சிரிப்பு. அவர்களுக்குப் பிடித்துவிட்டதாம். எனக்கென்று தட்டில் மூடி வைத்த சொஜ்ஜி, பஜ்ஜி. ஸஹானா என் கண்ணைப் பார்க்கவில்லை. நான் எங்கே போயிருந்தேன் என்று யாரும் கேட்கவில்லை.

ஜூன் 10, திங்கள்

காலையில் வண்டியை எடுக்கும்போது வெள்ளைத்துரை வந்தார்.

"நேத்து சைதாப்பேட்ட பொம்பள வந்துச்சும்மா. பொண்ணத் தூக்கிக்கினு."

கூட்டம் இல்லை என்று எல்லோருக்கும் தபால் அட்டை போட்டிருந்தேன். ஷாஹுலுக்குப் போன் பண்ணினேன். வேலம்மாவின் குடிசைக்குக் கதவு நம்பர் கிடையாது. நேரில் போய்ச் சொல்லியிருக்கலாம், ஒரு வாரம் இருந்தது. போகவில்லை. என்ன காரணம் சொல்வது என்று தெரியாததால் போகவில்லை. இதுதான் உண்மை.

"என்ன சொன்னீங்க?"

"அய்யா சொல்லச் சொன்னத சொன்னேன். இன்னிக்குக் கூட்டம் கெடயாது, விருந்தாளி வராங்க, போயிடுன்னு. ஜானும்மா எங்கன்னு கேட்டுச்சு. வெளிய போயிருக்காங்கன்னேன். கூட்டத்து நாளுல ஏன் வெளிய போனாங்கன்னு கேட்டுச்சு."

"என்ன சொன்னீங்க?"

"எனக்குப் பொய் சொல்ல வர்லம்மா."

அவர் ஸ்டூலில் கயலைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்திருக்கிறார். நாலு மணிக்கு வரவேண்டிய கார் ஐந்து மணிக்கு மேல் வந்ததும் எழுந்து போகச் சொல்லிவிட்டார். வேலம்மா மகளைத் தூக்கிக்கொண்டு, கார் உள்ளே நுழைகிறவரை சுவரோரமாக ஒதுங்கி நின்றாளாம்.

அலுவலகத்துக்குப் போனேன். என்ன வேலை செய்தேன் என்று ஞாபகமில்லை.

ஜூன் 14, வெள்ளி

ஜூன் மாதத்தில் இப்படி ஒரு மழையா? இரண்டு நாளாக விடவில்லை. கீழே கார் நிறுத்துமிடத்தில் முழங்கால் தண்ணீர். அடையாற்றில் வெள்ளம் என்று ரேடியோ சொன்னது.

ஜூன் 19, புதன்

அரை நாள் லீவு போட்டுச் சைதாப்பேட்டை போனேன். சந்துக்குள் சேற்றில் பக்கச் சக்கரம் புதைந்து வண்டி நின்றுவிட்டது. அங்கிருந்து கட்டையை ஊன்றி ஊன்றி நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் கட்டை வழுக்கியது. வேலம்மா குடிசையிலிருந்து தகர டப்பாவால் சேற்றுத் தண்ணீரை வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தாள். கயல் உயரமாக ஒரு பலகையில்.

"வா. குந்தச் சொல்றதுக்கு எடமில்ல, நின்னுக்கோ."

"அன்னிக்கு நடந்ததுக்கு என்னை மன்னிச்சுக்கோ வேலம்மா."

"இன்னாத்துக்கு? பஸ்சு நிக்கிலன்னா வூட்டுக்குத் திரும்பி வர்றோம்ல? அத்த மாதிரி வந்தோம்." டப்பாவைக் கீழே வைத்தாள். "அத்த உடு. உன்ன ஏன் வூட்ட உட்டுத் தொரத்துனாங்க?"

"தொரத்தலை. நானேதான்..."

"நீயேவா?"

சிரித்தாள். கேலியாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"மாசா மாசம் எங்கள வட்டமா குந்த வெச்சி, 'சொல்லுங்க, வெக்கப்படாம சொல்லுங்க'ன்ற. எம்பொண்ணு அவ கதய சொல்லிச்சு. கண்ணு தெரியாத அண்ணன் சொல்லிச்சு. வாச்மேனு கூட சொன்னாரு. நீ இன்னா சொன்ன? ஒண்ணியும் சொல்லல. நோட்ல எய்திகினே இருந்த. எங்களுக்குன்னா நாயம் பேசற. உன்னிய உள்ள வெச்சி பூட்டுனா, சாவிய நீயே எடுத்துக் குடுக்கற."

நான் அழுதேனா என்று எழுதப் போவதில்லை.

கயல் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். காத்திருந்தேன். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அடுத்த... மாசம்... உண்டா?"

"உண்டு" என்றேன்.

ஜூலை 3, புதன்

ஸஹானா மாலையில் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். கிரீஷ் போனில் பேசினாராம். "எனக்கு அ ஆ சொல்லிக்குடுத்தது எங்க அத்தைன்னு சொன்னேன். எந்த அத்தை, அன்னிக்குப் பாக்கலையேன்னார். சொல்லிட்டேன் அத்தை. போலியோ, கட்டை வெச்சிண்டு நடப்பா, வேலைக்குப் போறா, நாங்கதான் அன்னிக்கு வெளில அனுப்பிட்டோம், எல்லாத்தையும்."

"அவர் என்ன சொன்னார்?"

"'ஓ'ன்னார். அம்மாகிட்ட சொல்றேன்னு வெச்சுட்டார்."

ஜூலை 5, வெள்ளி

இன்று வீட்டில் இடி விழுந்தது.

பையனின் அம்மா போன் பண்ணியிருக்கிறாள். எங்களுக்கு ஆட்சேபணை ஒன்றுமில்லை, ஆனால் இது பரம்பரையாக வருகிற வியாதி இல்லை என்று ஒரு டாக்டர் கடிதம் கொடுத்துவிட்டால் மனசுக்கு நிம்மதியாக இருக்கும் என்று.

அண்ணா சொன்னான்: "நாளைக்குக் காத்தால பத்து மணிக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கேன். டாக்டர் உன்னைப் பாத்துட்டு ஒரு வரி எழுதிக் குடுத்துடுவார். அஞ்சு நிமிஷ வேலை."

"நான் வரமாட்டேன்."

"ஜானு, போலியோ பரம்பரை இல்லைன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை எழுதி வாங்கறதுல என்ன?"

"தெரியாதவா என்கிட்ட வந்து கேக்கட்டும். ரெண்டாவது ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குக் கீழதான் இருப்பேன். நாற்காலி போடறேன். எவ்வளவு கேள்வி வேணா கேக்கட்டும். ஆனா என்னைக் கொண்டுபோய் டாக்டர் முன்னாடி நிறுத்தி, இவளால ஆபத்தில்லைன்னு சர்ட்டிபிகேட் வாங்கறதுக்கு நான் என்ன..."

மன்னி வெடித்துவிட்டாள். "உன் வீம்புக்கு என் பொண்ணு வாழ்க்கைதான் கெடைச்சுதா? இத்தனை வருஷம் உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா?"

சொன்னதில்லை. ஜுரம் வந்தால் கஷாயம் வைத்துக் கொடுப்பாள், காலிபர் பட்டை அறுந்தால் தைத்துக் கொடுப்பாள். அவள் கேட்டதில் தப்பு இருக்கிறதா? ஐந்து நிமிஷ வேலை. போய்விட்டு வந்தால் கல்யாணம் நடக்கும். யாருடைய கல்யாணம்! நான் வளர்த்த குழந்தை.

ஸஹானாதான் முடித்து வைத்தாள். "எனக்கு அந்த லெட்டர் வேண்டாம்ப்பா. லெட்டரைப் பாத்துட்டு வரவரும் வேண்டாம்."

மன்னி அதற்கும் என்னைத்தான் பார்த்தாள்.

ஜூலை 11, வியாழன்

ஜாதகம் தபாலில் திரும்பி வந்தது. கடிதம் இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

பதினோரு பேர். வேலம்மா வருவாளோ மாட்டாளோ என்று இருந்தது. வந்தாள், கயலைத் தூக்கிக்கொண்டு.

பேச்சு ஆரம்பிக்கும் முன் நோட்டை மூடிக் கீழே வைத்தேன். "இன்னிக்கு நான் சொல்றேன்" என்றேன்.

சொன்னேன். எனக்குப் பேசத் தெரியும் என்று நினைத்திருந்தேன். கயலைவிட நிறைய நின்று நின்று பேசினேன். பூங்காவில் உட்கார்ந்ததை, சுண்டல்காரரிடம் சொன்ன பொய்யை, சுவரோரம் ஒதுங்கி நின்றவர்களை. டாக்டர் கடிதத்தைச் சொன்னேன். பிறகு அதற்கும் முந்தியவை. என் பெரியப்பா பெண் கல்யாணத்தில் பந்திக்கு வராமல் மேலே ஓர் அறையில் சாப்பிட்டது, எனக்குப் பத்து வயது. காலேஜ் குரூப் போட்டோவில் போட்டோக்காரர் கட்டைகளை மட்டும் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு என்னை இரண்டு பேர் தோளில் சாய்த்து எடுத்தது. எல்லாவற்றுக்கும் சரி சொன்னது. யாரும் பலவந்தம் பண்ணவில்லை என்பதை.

"எங்க அண்ணா கெட்டவன் இல்லை. என்னைப் படிக்க வெச்சான். தினமும் ஸ்கூலுக்கு சைக்கிள்ல கொண்டு விட்டான். அதனாலதான் எதையும் கேக்க முடியலை" என்றேன்.

யாரும் ஆறுதல் சொல்லவில்லை. வேலம்மா மட்டும், "ம்" என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். முதல் மாடி பால்கனியில் அண்ணா. கையில் பேப்பர் மடித்தபடியே இருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. நான் பார்த்ததும் உள்ளே போய்விட்டான்.

ஜூலை 15, திங்கள்

சாப்பாட்டு மேஜையில் ரசம் பரிமாறும் கரண்டிச் சத்தம்தான். அவன் கேட்டுவிட்டான் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். ஒரு வார்த்தை. திட்டவாவது செய்யலாமே? என்னடா ஜென்மம்!

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அசோசியேஷன் மீட்டிங். ராமானுஜம் மாமா எழுத்தில் புகார் கொடுத்துவிட்டார்: கார் நிறுத்துமிடத்தில் வெளியாட்கள் கூட்டத்தைத் தடை செய்ய வேண்டும். அண்ணா என்ன சொல்லப் போகிறான் என்று மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"அடுத்த மீட்டிங்குக்கு ஒத்தி வெச்சுக்கலாம்."

அவ்வளவுதான். வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. செக்ரட்டரிக்கு அழகான பதில். எனக்குக் கட்டையை வீசி எறிய வேண்டும் போல இருந்தது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஒன்பது பேர். கயலைச் சேர்க்கச் சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு நான் போட்ட நாலாவது கடிதத்துக்கும் பதில் இல்லை. அறிவொளி எழுத்தறிவு வகுப்பில் சேர்க்கலாம் என்றால் அது மாடியில் நடக்கிறது. எதற்கு இதையெல்லாம் நடத்துகிறேன்?

ஆனால் ஒன்று. வேலம்மாவும் கயலும் இன்று ஐந்து மணிக்கு முன்பே வந்துவிட்டார்கள். வெள்ளைத்துரை மத்தியானமே கிளம்பிச் சைதாப்பேட்டை ஸ்டாப்பில் போய் நின்றிருக்கிறார். பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, நடு ரோட்டில் கையை நீட்டி பஸ்ஸை நிறுத்தினாராம். "டிரைவர் நம்ம பையந்தான்மா. திட்டிட்டான். ஆனா நிறுத்திட்டான்."

"ஒரே... பஸ்சு..." என்று கயல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டார்களாம்.

அடுத்த மாதமும் போகப் போகிறார். "எத்தினி பேருன்னு எண்ணாம வுட்டுட்டேன்ல" என்றார்.

ஆகஸ்ட் 29, வியாழன்

ஆவணி பிறந்ததும் மன்னி மறுபடி ஜாதகங்களை எடுத்துவிட்டாள். என்னோடு இன்னும் பேச்சு இல்லை, பாத்திரங்கள் வழியாகத்தான். இன்று தரகர் வந்திருந்தார். நான் அறைக்குள்ளேயே இருந்தேன். யாரும் இருக்கச் சொல்லவில்லை. பழக்கம். பிறகு அது உறைத்து, எழுந்து கூடத்துக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். தரகர் என் கால்களைப் பார்த்தார், அண்ணாவைப் பார்த்தார். அண்ணா, "ம், மேல சொல்லுங்கோ" என்றான்.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலை எட்டு மணிக்குப் போன். இன்று நாலு மணிக்கு ஸஹானாவைப் பார்க்க வருகிறவர்கள். சைதாப்பேட்டைக் கோர்ட்டில் வேலை பார்க்கிற பையன், பேர் நிரஞ்சன். மன்னி குறித்தது மறுபடியும் இரண்டாவது ஞாயிறு. இந்தத் தடவை சரி சொல்வதில்லை என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஒரு வாரமாக யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அண்ணாதான் போனை எடுத்தான். அவன் பேசியது மட்டும் என் அறைக்குக் கேட்டது.

"ஆமாம், நாலு மணி சௌகரியம்தான்... வழி கஷ்டமில்லை, வாட்ச்மேன் இருப்பார்... காரை மட்டும் தெருவிலேயே நிறுத்திடுங்கோ... இல்லை, கீழ எடம் இருக்கு. ஆனா அஞ்சு மணிக்கு அங்க என் தங்கை கூட்டம் நடத்தறா... மாசா மாசம்... என்ன கூட்டமா? அதை நீங்க அவகிட்டயே கேட்டுக்கலாம். நீங்க வரச்சே ஆத்துலதான் இருப்பா."

போனை வைத்தான். செருப்பு மாட்டுகிற சத்தம். காய் வாங்கக் கிளம்பிவிட்டான். என் அறைப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

இன்னும் எழுதலாம். மன்னி கூப்பிடுகிறாள், கேசரிக்கு ரவை வறுக்க ஆள் வேண்டுமாம்.